ஷஃபிள் போட்டாலும் அதே பாட்டுதான் சுத்திச் சுத்தி வருது, நிஜமான ரேண்டம் எப்படிக் கிடைக்கும்?

மொட்டைமாடி_ரேடியோ

பிளேலிஸ்ட்ல மொத்தம் 600 பாட்டு. அதுல 180 இளையராஜா, 70 ரஹ்மான், மிச்சம் எம்.எஸ்.வி.யில் ஆரம்பிச்சு சந்தோஷ் நாராயணன் வரைக்கும் கலந்து கட்டி. ஒரு நாளைக்குப் போக வர 20 பாட்டு ஓடும். 30 நாள் ஓடினா 600-ம் ஒரு சுத்து வந்துடணும்ங்கறதுதான் கணக்கு. ஆனா நடக்கிறது வேற:

அ) மாசம் முடிஞ்சும் ஏகப்பட்ட பாட்டு ஒரு தடவைகூட வரலை. சிலது மூணு நாலு தடவை வந்துடுது.
ஆ) ராஜா பாட்டு அடுத்தடுத்து நாலு வருது. ரேண்டம்னா கலந்துதானே வரணும்?
இ) பிளேலிஸ்ட்லயே இல்லாத பாட்டு நடுவுல நுழையுது.

காசு கட்டின கணக்கு, ஆண்ட்ராய்டு போன், வீட்டுல விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கு. எந்த ஆப்னு சொல்லலை, ரெண்டு மூணு மாத்திப் பார்த்தாச்சு, எல்லாத்துலயும் இதே கதை. உண்மையான ரேண்டம் ஷஃபிள் யார்கிட்டயாவது இருக்கா? இல்லைன்னா நாமளே செஞ்சுக்க வழி இருக்கா?

---

எண்_கணக்கு

மூன்றும் மூன்று தனித்தனிச் சிக்கல். எல்லாவற்றுக்கும் "ரேண்டம் இல்லை" என்று ஒரே பெயர் வைப்பதால்தான் எந்த ஆப் மாற்றினாலும் தீரவில்லை.

(அ)-வை எடுத்துக்கொள்வோம். தினமும் காலையில் ஷஃபிள் பொத்தானைப் புதிதாக அழுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். சீட்டுக் கட்டை ஒருமுறை கலைத்து மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தால் 600-வது சீட்டு முடியும்வரை எதுவும் திரும்ப வராது. ஆனால் 20 சீட்டு எடுத்ததும் அவற்றைக் கட்டிலேயே சொருகிவிட்டு, மறுநாள் மொத்தக் கட்டையும் மறுபடி கலைத்தால்? நேற்று வந்ததற்கும் வராததற்கும் இன்று ஒரே வாய்ப்பு. புதிதாக அழுத்துவது இதைத்தான் செய்கிறது.

கணக்கு எளிது. ஒரு பாட்டு ஒரு நாள் தப்பிக்கும் வாய்ப்பு 30-ல் 29. முப்பது நாளும் தப்பிக்க 29/30-ஐ முப்பது முறை பெருக்குங்கள், 0.36 வரும். கலைப்பு அணுவளவும் பிசகாமல் நடந்தாலும் மாதக் கடைசியில் 600 பாட்டும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்து நிற்கும்:

ஒருமுறைகூட வராதவை – 217
ஒரே ஒரு முறை – 224
இரண்டு முறை – 112
மூன்று முறையோ அதற்கு மேலோ – 46

நீங்கள் (அ)-வில் எழுதியிருப்பது அப்படியே இந்தப் பட்டியல்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நேற்றைய இருபதில் ஒன்றாவது இன்றைய இருபதில் தலைகாட்டும் வாய்ப்பு கிட்டத்தட்டச் சரிபாதி. ஒன்றுவிட்டு ஒரு நாள் "நேத்துதானே இதைக் கேட்டோம்" என்று தோன்றுவது நிஜமான ரேண்டத்தின் அறிகுறி, கோளாறின் அறிகுறி அல்ல.

(ஆ)-வும் அதே ரகம். N பாட்டில் ஒருவருடையது k என்றால், அடுத்தடுத்து இரண்டு வரும் இடங்களின் சராசரி எண்ணிக்கை k × (k − 1) ÷ N. உங்களுக்கு 180 × 179 ÷ 600, அதாவது 53 அல்லது 54 இடம். மூன்று தொடர்ந்து வருவது சுமார் 16 இடம், நான்கு தொடர்வது 4 அல்லது 5 இடம் (ஒன்றின்மேல் ஒன்று படிவதையும் சேர்த்து). 100 பாட்டில் ஒருவருக்குப் பத்தே பாட்டு என்றாலும், எங்காவது இரண்டு ஒட்டி வரும் வாய்ப்பு 63 சதவீதம். மனசு "கலந்து வரணும்" என்று கேட்பது ரேண்டம் அல்ல, சீரான பங்கீடு. ரெண்டும் எதிரெதிர்த் திசை.

(இ) சுத்தமாக வேறு. அது ஷஃபிளே இல்லை, பரிந்துரை. அணைத்துவிடலாம், மற்றவர்கள் சொல்வார்கள்.

---

பழைய_டேப்

கணக்கெல்லாம் சரிங்க. ஆனா கம்பெனிக்காரன் எந்தப் பாட்டு ஓடினா லாபமோ அதைத்தானே முன்னாடி தள்ளுவான்? இதைப் போய் சீட்டுக்கட்டுன்னு நம்பச் சொல்றீங்களே.

---

எண்_கணக்கு

சந்தேகப்படுவது தப்பில்லை, ஆனால் சந்தேகத்தைச் சோதிக்கலாம். பாட்டுக் கேட்கவே வேண்டாம், கியூவை (அடுத்து ஓடப்போகும் பாட்டு வரிசையை) பார்த்தாலே போதும்.

1. முதலில், ஷஃபிள் போடுவதற்கு முன்பே, ஆப் தள்ளுவதாக நீங்கள் சந்தேகப்படும் 60 பாட்டை எழுதி வையுங்கள். 600-ல் பத்தில் ஒரு பங்கு.
2. ஷஃபிளை அணைத்து, மறுபடி போட்டு, கியூவில் வரும் முதல் 20 பாட்டில் அந்த 60-ல் எத்தனை என்று குறியுங்கள்.
3. இப்படி 15 தடவை. மொத்தம் 300 இடம்.

நியாயமான கலைப்பு என்றால் 30 வர வேண்டும். திட்ட விலக்கம் (தற்செயலாக வழக்கமாக ஏறி இறங்கும் அளவு) 5 சொச்சம். ஆகவே 20-க்கும் 40-க்கும் நடுவில் எது வந்தாலும் பேச ஒன்றுமில்லை. 45-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. 60, 70 என்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பலரும் சறுக்குவது முதல் படியில். முடிவைப் பார்த்த பிறகு "இந்த ஏழு பாட்டு அடிக்கடி வருதே" என்று பொறுக்கினால் சோதனை செல்லாது. 600 பாட்டில் ஏதோ ஏழு எப்போதும் அதிகமாகத்தான் வந்திருக்கும், மேலே பட்டியலில் மூன்று முறை வந்த 46 இருக்கிறதே.

லாபக் கணக்கு பற்றி: ஸ்பாட்டிஃபை 2020-ல் அறிவித்த டிஸ்கவரி மோட் திட்டத்தில், ராயல்டி விகிதம் குறைவதற்கு ஒப்புக்கொண்டால் பாட்டுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அது ரேடியோ, ஆட்டோபிளே மாதிரி ஆப் தானே பாட்டுத் தேர்ந்தெடுக்கும் இடங்களில். நீங்கள் சேர்த்து வைத்த பட்டியலைக் கலைப்பது வேறு வேலை. ரெண்டும் கலந்து போவது ஆட்டோபிளே ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

---

கலைச்சுப்_போடு

ஆப்காரங்க ரேண்டத்தைக் கெடுத்தாங்கங்கறது உண்மைதான், ஆனா காரணம் நாமதான். 2005-ல ஐடியூன்ஸ் 5 வந்தப்போ ஸ்மார்ட் ஷஃபிள்னு ஒண்ணு குடுத்தாங்க. அதிக ரேண்டமாத் தெரியணும்ங்கறதுக்காக ரேண்டத்தைக் குறைச்சிருக்கோம்னு ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில சொன்னார். ஸ்பாட்டிஃபைல முதல்ல சுத்தமான ஃபிஷர்–யேட்ஸ் கலைப்புதான் (எல்லா வரிசைக்கும் சம வாய்ப்பு குடுக்கற முறை) இருந்தது. ஒரே ஆள் பாட்டு அடுத்தடுத்து வருதுன்னு புகார் குவிஞ்சதும் மாத்தினாங்க. அந்த முறையை 2014-ல அவங்க பொறியாளர் ஒருத்தர் வெளிப்படையாவே எழுதினார்: ஒரு பாடகரோட பாட்டுகளைப் பட்டியல் நீளத்துக்கும் ஏறக்குறைய சம இடைவெளியில பரப்பி, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திடறது. 2023-ல வந்த ஸ்மார்ட் ஷஃபிள் வேற ஜாதி, பட்டியல்ல இல்லாத பாட்டையும் உள்ள சொருகும். உங்க (இ)-க்கு முதல் சந்தேகம் இந்த மாதிரி ஒண்ணு மேலதான்.

2025 கடைசியில ஸ்பாட்டிஃபை பிரீமியத்துக்கு (காசு கட்டின கணக்குக்கு) இன்னொண்ணு வந்திருக்கு. சமீபத்துல கேட்டது மறுபடி முன்னாடி வராத மாதிரி வரிசையைத் தேர்ந்தெடுக்கிற ஷஃபிள்தான் இப்போ இயல்பா ஓடுது. செட்டிங்ஸ்ல பிளேபேக் பக்கம் போய் ஸ்டாண்டர்டுக்கு மாத்தினா சாதாரண ரேண்டம். மாத்திட்டு அப்புறம் "திரும்பத் திரும்ப வருது"ன்னு இங்க வந்து திட்டாதீங்க.

என்னைக் கேட்டா ஆப்போட ஷஃபிளை நம்பவே வேண்டாம். வெளியில கலைச்சு, உள்ள வரிசையா ஓட விடறதுதான் நிம்மதி. ஸ்பாட்டிஃபைக்கு வழி, கம்ப்யூட்டர் ஆப்ல மட்டும்:

1. பிளேலிஸ்ட்டைத் திறந்து ஏதாவது ஒரு பாட்டை ஒரு தடவை கிளிக் பண்ணுங்க. கன்ட்ரோல்-ஏ, கன்ட்ரோல்-சி.
2. கூகுள் ஷீட்ஸ்ல புதுத் தாள், முதல் கட்டத்துல கன்ட்ரோல்-வி. வரிக்கு ஒரு லிங்க்கா 600 வரி விழும். 600 இருக்கான்னு கடைசி வரி எண்ணைப் பாருங்க.
3. அந்தப் பத்தியை முழுசாத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவுல ரேண்டமைஸ் ரேஞ்ச். கலைஞ்சிடும்.
4. எல்லாத்தையும் காப்பி பண்ணி, ஆப்ல காலியான புது பிளேலிஸ்ட் உண்டாக்கி அதுல பேஸ்ட்.
5. வரிசை கஸ்டம் ஆர்டர்ல இருக்கணும். தலைப்பு, சேர்த்த தேதின்னு வேற எதுல இருந்தாலும் கலைச்சது வீண்.
6. ஷஃபிள் அணைஞ்சிருக்கணும் (பச்சையா இருந்தா ஓடுதுன்னு அர்த்தம்). ரிப்பீட் அணைக்கணும். செட்டிங்ஸ்ல ஆட்டோபிளே அணைக்கணும்.

பேஸ்ட் பண்ணினது போன்லயும் தானா வந்துடும். மறுநாள் விட்ட இடத்துலேர்ந்து பிடிக்கிறதுதான் ஒரே தலைவலி. நடுவுல யாராவது அனுப்பின பாட்டை ஒண்ணு தட்டினாலே ஆப் பழைய இடத்தை மறந்துடும். அதனால விட்ட இடத்தை ஞாபகம் வெச்சுக்கிறதை விட, ஓடி முடிஞ்சதைப் பட்டியல்லேர்ந்து அழிச்சிடுங்க. ராத்திரி ஒரு தடவை மேல இருக்கிற 20-ஐயும் தேர்ந்தெடுத்து டெலிட். மூலப் பட்டியல் தனியா இருக்கு, அதைத் தொடாதீங்க. அப்போ எப்பவும் முதல் பாட்டுலேர்ந்து பிளே பண்ணினாப் போதும், பட்டியல் காலியானா மறுபடி கலைச்சுக்கலாம்.

ஷீட்ஸ்ல ரேண்ட் ஃபார்முலா போட்டு சார்ட் பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: தாள்ல எதைத் தொட்டாலும் அந்த எண்கள் மாறிடும். சார்ட் பண்ணினதுக்கு அப்புறம் எண்கள் வரிசையில இல்லாத மாதிரித் தெரியும், பதறாதீங்க. வேணும்னா மதிப்பை மட்டும் பேஸ்ட் பண்ணி உறைய வெச்சுக்கோங்க.

---

மொட்டைமாடி_ரேடியோ

ஆமா, தினமும் காலைல புதுசாத்தான் ஷஃபிள் அழுத்தறது. (அ)-வுக்கு இதுதான் காரணம்னா வெளியில கலைக்கிற முறையில தீர்ந்துடும், செஞ்சு பார்க்கிறேன்.

ஆனா ராஜா நாலு தொடர்ந்து வர்றது இதுலயும் இருக்கும்தானே? ரேண்டம் கெட்டாலும் பரவாயில்லை, அதைப் பிரிச்சுப் போட வழி சொல்லுங்க. ஆப்ல பாடகர் வாரியாப் பரப்பறாங்கன்னா எனக்கு மட்டும் ஏன் பரவலை?

---

சிடி_அலமாரி

தமிழ்ப் பட்டியலில் அது பரவாததற்கு ஒரு காரணம் பாட்டோடு ஒட்டியிருக்கும் விவரங்கள். ஆப் பார்ப்பது கலைஞர் பெயர் என்ற கட்டத்தை. ஆங்கிலப் பாப் பாட்டுக்கு அங்கே ஒரு பெயர் இருக்கும், வேலை முடிந்தது. நம் சினிமாப் பாட்டுக்கு அதே கட்டத்தில் ஒரு வெளியீட்டில் இசையமைப்பாளர் முதலில், இன்னொன்றில் பாடகர் முதலில், மற்றொன்றில் பாடகர்கள் மட்டும். எஸ்.பி.பி., ஜானகி, சித்ரா, யேசுதாஸ் என்று முதல் பெயர் மாறிக்கொண்டே இருந்தால், முதல் பெயரை வைத்துப் பரப்பும் எந்த முறைக்கும் அந்த நான்கும் நான்கு வேறு கலைஞர்கள். உங்கள் காதுக்கு நான்கும் ராஜா. ஆக, பரப்புவதற்கு எதை அளவுகோலாக வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வில்லங்கம் இரட்டைப் பிறவிகள். ஒரே பாட்டு படத்தின் ஆல்பத்தில் ஒன்று, "ஹிட்ஸ்" தொகுப்பில் ஒன்று, வேறு நிறுவனம் மறுவெளியீடு செய்ததில் ஒன்று. மூன்றுக்கும் லிங்க் வேறு, ஷீட்ஸில் ரிமூவ் டூப்ளிகேட்ஸ் போட்டால் ஒன்றும் சிக்காது. பெயரை வைத்துத் தேடினாலும் தப்பிவிடும். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். தகரத்துக்கு எச் உண்டு, இல்லை. தொகுப்பில் வந்ததற்கு வாலில் "இந்தப் படத்திலிருந்து" என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கும். கச்சிதமாகக் கலைத்த பட்டியலிலும் ஒரு பாட்டு இருமுறை வருவதற்கு இது பெரிய காரணம், பழி மட்டும் ஷஃபிள் மேல்.

களைவதற்கு வெறும் லிங்க் போதாது. எக்ஸ்போர்ட்டிஃபை என்ற இலவச இணையக் கருவியில் நுழைந்து பிளேலிஸ்ட்டைத் தரவிறக்கினால் பாட்டின் முகவரி, பெயர், கலைஞர்கள், ஆல்பம், நீளம் எல்லாம் பத்தி பத்தியாக வரும். நீளம் மில்லி நொடியில் இருக்கும். நீளப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். 2000-க்குள், அதாவது இரண்டு நொடிக்குள் வித்தியாசப்படும் அண்டை வரிகளில் பெயர் ஒரே மாதிரி ஒலித்தால் அது இரட்டை. 600 வரியைக் கண்ணால் ஓட்டினால் போதும், ஃபார்முலா போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். எஸ்.பி.பி. பாடியதும் ஜானகி பாடியதுமாக ஒரே மெட்டில் இரு வடிவம் இருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள், அவை வேறு பாட்டுகள்.

இசையமைப்பாளர் பெயரை 600 வரிக்கும் தட்டச்சு செய்ய வேண்டாம். ஆல்பம் பெயர்களைத் தனித் தாளில் ஒரு முறை மட்டும் வருமாறு எடுத்து, எதிரே இசையமைப்பாளரை எழுதி, விலுக்அப் (வேறு தாளில் தேடிப் பொருத்தமான மதிப்பைக் கொண்டுவரும் ஃபார்முலா) போட்டு இழுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு ஆல்பங்களில் இருப்பதை மட்டும் கையால் நிரப்ப வேண்டியிருக்கும்.

---

எண்_கணக்கு

சிடி_அலமாரி சொன்ன தாள் தயாரானால் பரப்புவது பத்து நிமிட வேலை. ஏ பத்தியில் பாட்டின் முகவரி, பி பத்தியில் இசையமைப்பாளர். முதலில் வரிகள் முழுவதையும் ரேண்டமைஸ் ரேஞ்ச் கொடுத்துக் கலைத்துவிடுங்கள் (இரண்டு பத்தியும் சேர்ந்து தேர்வாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராஜா பாட்டுக்கு ரஹ்மான் பெயர் ஒட்டிக்கொள்ளும்). பிறகு:

சி – அந்த இசையமைப்பாளர் பெயர் மேலிருந்து இந்த வரிவரை எத்தனையாவது முறை வருகிறது. கவுண்ட்இஃப், தொடக்கக் கட்டத்தை மட்டும் டாலர் குறி போட்டுப் பூட்ட வேண்டும்.
டி – அவருக்கு மொத்தம் எத்தனை பாட்டு. இதுவும் கவுண்ட்இஃப், இரு முனையும் பூட்டி.
ஈ – அவருக்கான தொடக்க நகர்வு: 0-வுக்கும் 0.7-க்கும் இடையில் ஒரு ரேண்டம் எண். ஒரு இசையமைப்பாளருக்கு ஒரே எண்தான், அவருடைய எல்லா வரிக்கும் அதுவே. தனித் தாளில் போட்டு, மதிப்பாக உறைய வைத்து, விலுக்அப்.
எஃப் – (சி − 1 + ஈ + ரேண்ட் × 0.3) ÷ டி. ரேண்ட் என்பது 0-வுக்கும் 1-க்கும் இடையில் வரிக்கு ஒரு ரேண்டம் எண்.

எஃப் பத்தியை உறைய வைத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். அவ்வளவுதான். 180 ராஜா பாட்டும் சராசரியாக மூன்று, மூன்றரை இடத்துக்கு ஒன்றாக விழும், இரண்டுக்கு நடுவே பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வேறு பாட்டு இருக்கும். ரஹ்மான் எட்டு ஒன்பது பாட்டுக்கு ஒருமுறை.

இதில் உடைவது எங்கே என்றால், ஈ பத்தியை வேண்டாத வேலை என்று விட்டுவிடுவது. அப்போது எல்லோருடைய முதல் பாட்டுக்கும் எஃப் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். அதிகப் பாட்டு உள்ளவர்களின் முதல் பாட்டுகள் தொடக்கத்திலேயே நெருக்கியடிக்கும். ஒரே பாட்டு உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம், அவர்கள் எல்லோரும் பட்டியலின் முதல் 30 சதவீதத்துக்குள் அடைபட்டு, பின்பாதியில் ராஜா, ரஹ்மான் மாதிரி நிறையப் பாட்டு உள்ளவர்கள் மட்டும் மாறி மாறி ஓடுவார்கள். 0.3-ஐக் கூட்டினால் ரேண்டம் கூடும், ஒட்டி வருவதும் கூடும். பூஜ்யமாக்கினால் கடிகாரம் மாதிரி மூணுக்கு ஒண்ணு ராஜா என்று எரிச்சலூட்டும். 0.3 எனக்குச் சரியாகப் படுகிறது, உங்கள் காது வேறு சொல்லலாம்.

ஒருவர் பாட்டு 300-ஐத் தாண்டினால், அதாவது பாதிக்கு மேல் போனால், எந்தச் சூத்திரமும் ஒட்டாமல் வைக்காது. இடமே இல்லை.

---

நிரலன்

சொந்தமா ஸ்கிரிப்ட் எழுதிக் கலைக்க நினைக்கிறவங்களுக்கு. இணையத்துல அதிகம் சுத்தற குறுக்குவழி, சார்ட் ஃபங்ஷனுக்குள்ள (வரிசைப்படுத்தற கட்டளைக்குள்ள) "ரெண்டுல எது முன்னாடி"ங்கற கேள்விக்கு ரேண்டமா பதில் சொல்ல விடறது. அது தப்பு. ஒப்பிடும்போது தடவைக்கு ஒரு பதில் சொன்னா சார்ட் குழம்பி, சில இடங்களுக்கு அதிகச் சாய்வு வந்துடும். 2010-ல ஐரோப்பாவுக்காக மைக்ரோசாஃப்ட் வெச்ச பிரவுசர் தேர்வுப் பக்கத்துல இதே தப்பு நடந்தது. ஐந்து பிரவுசரும் சமமா மாறி மாறி வரணும். ஆனா மைக்ரோசாஃப்டோட இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல அந்தப் பக்கத்தைத் திறந்தா, எக்ஸ்புளோரரே சுமார் பாதி தடவை கடைசி இடத்துல போய் நின்னது. அப்புறம் திருத்தினாங்க.

ரெண்டாவது தப்பு: ஒவ்வொரு இடத்தையும் மொத்தப் பட்டியல்ல ஏதோ ஒரு இடத்தோட மாத்தறது. மூணு பாட்டை எடுத்துக்கோங்க. 3 × 3 × 3 = 27 விதமா நடக்கலாம், வரக்கூடிய வரிசை 6. 27-ஐ ஆறால சமமாப் பங்கு போட முடியாதில்லையா? அதனால மூணு வரிசைக்கு 27-ல 5, மூணுக்கு 27-ல 4.

சரியான முறை ஃபிஷர்–யேட்ஸ். கணினிக்கு ஏத்த வடிவத்தை 1964-ல டர்ஸ்டன்ஃபெல்ட் குடுத்தார். கடைசிப் பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க. i-வது இடத்துல நிக்கும்போது 1-லேர்ந்து i வரைக்கும் (i-யும் சேர்த்து) ஒரு எண்ணை எடுத்து, அந்த இடத்தோட மாத்துங்க. i-யை ஒண்ணு குறைங்க. 2 வரைக்கும். "i-யும் சேர்த்து"ங்கறதை விட்டுட்டா அது சட்டோலோ முறை ஆயிடும், எந்தப் பாட்டும் தன் பழைய இடத்துல தங்காது. மூணு பாட்டுக்கு ஆறு வரிசை வர வேண்டிய இடத்துல ரெண்டுதான் வரும். பார்க்க நல்லாக் கலைஞ்ச மாதிரியே இருக்கும், அதான் இந்தப் பிழை பல வருஷம் யார் கண்ணுலயும் படாம உக்காந்திருக்கும்.

விதை எண் (ரேண்டம் கணக்கு எந்த எண்லேர்ந்து ஆரம்பிக்குதோ அது) பத்திக் கேட்பாங்க. 32 பிட் விதையால அதிகபட்சம் 4,294,967,296 வரிசைதான் பிறக்கும். 13 பாட்டுக்கே சாத்தியமான வரிசை 6,227,020,800. ஆக 600 பாட்டோட வரிசைகள்ல பெரும்பான்மை எந்தக் காலத்துலயும் வரவே வராது. உண்மைதான். ஆனா பாட்டுக் கேக்க அது ஒரு பொருட்டே இல்லை, காதுக்குத் தெரியாது. சூதாட்ட ஆப் எழுதறவங்க கவலைப்படட்டும். லினக்ஸ் இருந்தா ஷஃப்னு ஒரு கட்டளை ஏற்கெனவே இருக்கு, வரிகளை உள்ள அனுப்பினா கலைச்சுத் தரும். எதையும் எழுதவே வேண்டாம்.

---

சிடி_அலமாரி

நடுவில் ஒரு சின்ன இடைச்செருகல். "ரேண்டமும் வேணும், திரும்ப வரக் கூடாது, எல்லாப் பக்கமும் பரவணும்" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்பது நாம் மட்டும் அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் பொறித்தவை, குடவோலைக்கு (ஊர் வாரியம் என்ற குழுவுக்கு ஆள் எடுக்கும் குலுக்கலுக்கு) வைத்த விதிகளைப் பாருங்கள். முப்பது குடும்புக்கும் (ஊரின் பகுதிக்கும்) ஓலை தனித்தனி, அதனால் ஒரே பகுதி மொத்தத்தையும் அள்ளிக்கொள்ள முடியாது. குடத்திலிருந்து எடுப்பது விவரம் அறியாத சிறுவன். முந்தைய மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. "சமீபத்தில் ஓடியதைச் சேர்க்காதே" என்ற நிபந்தனை இதுதானே!

ஆப்பிள் மியூசிக்கில் அந்த மூன்றாவது விதியை அப்படியே வைக்கலாம். மேக்கிலோ விண்டோஸிலோ ஸ்மார்ட் பிளேலிஸ்ட் உண்டாக்குங்கள், ஐபோனில் உண்டாக்க முடியாது. நிபந்தனைகள்: பிளேலிஸ்ட் – உங்கள் மூலப் பட்டியல், கடைசியாக ஓடியது – கடந்த 30 நாளில் இல்லை, எண்ணிக்கை 25-க்கு மட்டு, தேர்வு ரேண்டம், லைவ் அப்டேட்டிங் இயங்க வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் அது விலகி, இன்னொன்று உள்ளே வரும். சறுக்கல் எங்கே: பாட்டு கடைசிவரை ஓடினால்தான் "ஓடியது" என்று பதிவாகும். பாதியில் தாண்டிய பாட்டு பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கும், மறுநாள் மறுபடி வரும். "கடைசியாகத் தாண்டியது – கடந்த 7 நாளில் இல்லை" என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தால் தொல்லை குறையும். நாளுக்கு 20 பாட்டு, மொத்தம் 600 என்றால் 30 நாள் என்பது விளிம்பு, சில நாள் பட்டியல் வற்றிப்போகும். 25 நாள் வையுங்கள்.

---

பழைய_டேப்

கோப்பா வெச்சிருக்கிறவங்களுக்கு? ஸ்ட்ரீமிங்கே வேண்டாம், பென்டிரைவ்ல 800 எம்பி3, கார் செட்டுல ரேண்டம் போட்டா தினமும் அதே வரிசை. சாவியைத் திருப்பினா முதல் பாட்டு எப்பவும் ஒண்ணுதான்.

---

கலைச்சுப்_போடு

அது விதை எண் கோளாறு. கார் செட்டு சிலது ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் ஒரே எண்லேர்ந்து ரேண்டத்தை ஆரம்பிக்கும், அதனால "ரேண்டம்" வரிசையே மனப்பாடமாயிடும். சிலது ஃபோல்டருக்குள்ள மட்டும்தான் கலைக்கும், படத்துக்கு ஒரு ஃபோல்டர்னு வெச்சிருந்தா ஒரே படத்துப் பாட்டு ஆறும் முடிஞ்சுதான் அடுத்ததுக்குப் போகும்.

இதுக்கும் மருந்து வெளியில கலைக்கிறதுதான். எல்லாப் பாட்டையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு, பெயருக்கு முன்னாடி 0001-லேர்ந்து 0800 வரைக்கும் கலைச்ச எண் ஒட்டுங்க. நாலு இலக்கம் முக்கியம். வெறும் 1, 2, 10-னு வெச்சா 1-க்கு அடுத்து 10 ஓடும். ஒட்டினா மட்டும் போதாது. நிறைய செட்டுகள் பெயர் வரிசையையே பார்க்காது, பென்டிரைவ்ல எது முதல்ல எழுதப்பட்டதோ அந்த வரிசையில ஓட்டும். அதனால பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மேட் பண்ணி, எண் வரிசையில புதுசாக் காப்பி பண்ணுங்க. பழைய கோப்பு மேலயே பெயர் மாத்தினா வரிசை மாறாம நிக்கலாம். செட்டுல ரேண்டத்தை அணைச்சுடுங்க, விட்ட இடத்தை அது ஞாபகம் வெச்சுக்கும்.

கம்ப்யூட்டர்ல கேக்கறதுன்னா ஃபூபார்2000-ல பிளேபேக் ஆர்டர்ல ரெண்டு இருக்கு. ரேண்டம்னா சீட்டைத் திரும்பச் சொருகற வகை, வந்ததே வரும். ஷஃபிள் டிராக்ஸ்னா ஒரு சுத்து முடியற வகை. பாதிப் பேர் பெயரைப் பார்த்து முதல் வகையைப் போட்டுட்டுப் புலம்புவாங்க.

---

மொட்டைமாடி_ரேடியோ

எக்ஸ்போர்ட்டிஃபைல எடுத்தாச்சு. நீளம் வெச்சுப் பார்த்ததுல 31 பாட்டு இரட்டை, ஆக 600-னு நினைச்சது நிஜத்துல 569. ஈ பத்தி விட்டுட்டு ஒரு தடவை போட்டதுல எண்_கணக்கு சொன்ன மாதிரியே ஒத்தைப் பாட்டு ஆளுங்க எல்லாம் முன்னாடி போய்க் குவிஞ்சுட்டாங்க, சேர்த்ததும் சரியாச்சு. ஒரே ஒரு சந்தேகம்: ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி கலைக்கும்போது, கடைசி நாள் ஓடின பாட்டே புதுச் சுத்துல முதல்ல வந்தா?

---

எண்_கணக்கு

வரலாம். கடைசி 100 பாட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதி 469-ஐக் கலையுங்கள். அதில் முதல் 200-ஐ அப்படியே விட்டுவிட்டு, மிச்சமுள்ள 269-உடன் அந்த 100-ஐச் சேர்த்து மறுபடி கலைத்துக் கீழே ஒட்டுங்கள். இப்போது கடைசியாகக் கேட்டது எதுவும் குறைந்தது பத்து நாளைக்கு வராது. எஃப் பத்தி போடுவதாக இருந்தால் மேல் 200-க்கும் கீழ் 369-க்கும் தனித்தனியாகப் போடுங்கள், மொத்தத்துக்கும் சேர்த்துப் போட்டால் மறுபடி கலந்துவிடும்.